கோவிட் கிட்டில் வந்த ஒத்தைக் கோட்டை நம்பி ஏமாந்தேன்: முதியோர் இல்ல அனுபவம்

மார்த்தாண்டம் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸாக இருக்கிறேன். 2022 ஜனவரி, ஒமிக்ரான் பரவின நேரம். மெடிக்கலில் விற்ற வீட்டு கோவிட் கிட் ஒரு பெட்டி வாங்கி வைத்திருந்தோம்.

எங்களிடம் ஒரு பாட்டா, வயசு 81, ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளியாக இருந்தவர். கருப்பட்டிக் காப்பி அஞ்சு நிமிஷம் பிந்தினால் போதும், சத்தம் ரோடு வரை கேட்கும். அன்னைக்குக் காப்பி ஆறிப்போய் அப்படியே இருந்தது. அவரைக் குளிப்பாட்டும் அக்காதான் வந்து சொன்னார்: "மக்களே, பாட்டா இன்னைக்கு வேற மாதிரி கெடக்காரு. நேத்து ராத்திரி கஞ்சியும் குடிக்கல்ல."

காய்ச்சல் பார்த்தேன், இல்லை. இருமல் இல்லை. சரி, ஒரு டெஸ்ட் எடுத்துவிடலாம் என்று குச்சியை மூக்குக்குள் விட்டதும் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். பால்வெட்டின கை, அந்த வயசிலும் இரும்பு. சரியாகச் சுழற்றக்கூட முடியவில்லை, பட்டும் படாமலும் எடுத்தேன். 15 நிமிஷத்தில் 'சி' பக்கம் மட்டும் ஒரு கோடு, அதாவது நெகட்டிவ். அப்பாடா என்று வீல்சேரில் வைத்து எல்லாரோடும் சாப்பிட உட்கார வைத்தேன்.

மூணாம் நாள் பக்கத்துக் கட்டில்காரருக்குக் காய்ச்சல். எல்லாருக்கும் சாம்பிள் எடுத்து ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பினோம். ஏழு பேருக்கு பாசிட்டிவ். பாட்டாவும் அதில் ஒருவர்.

இதில் எனக்கு ஆறாத விஷயம் ஒன்று உண்டு. 2020 ஜூனில் இந்த வகையில் முதல் ஆன்டிஜென் கிட்டுக்கு (வைரஸின் புரதத்தைத் தேடுவது) இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலான ஐ.சி.எம்.ஆர் அனுமதி கொடுத்தபோதே தெளிவாகச் சொல்லியிருந்தார்கள்: நோய் இல்லாதவரை இல்லை என்று சொல்வதில் 99.3 முதல் 100 சதவீதம் சரி. நோய் இருப்பவரைப் பிடிப்பதில் 50.6 முதல் 84 சதவீதம்தான். அறிகுறி இருந்து நெகட்டிவ் வந்தால் ஆய்வகத்தில் செய்யும் ஆர்.டி.பி.சி.ஆர் (சுருக்கமாக பி.சி.ஆர்) சோதனை கட்டாயம். நான் இதைப் படித்தவள்தான். ஆனால் காய்ச்சல் இல்லை என்றதும் அறிகுறியே இல்லை என்று எழுதிவிட்டேன். எண்பது வயசுக்காரர் சாப்பிடாமல் சுருண்டு கிடப்பதுதான் அறிகுறி என்று அந்த அக்காவுக்குத் தெரிந்திருந்தது.

பி.சி.ஆரில் வைரஸின் மரபணுவைப் பல மடங்கு பெருக்கித் தேடுகிறார்கள். கிட்டில் அது கிடையாது. குச்சியில் ஒட்டின புரதம் எவ்வளவோ அதுதான். ஒட்டவே இல்லை என்றால் கோடு எங்கிருந்து வரும்?

*

மறுமொழி, நாகர்கோவிலிலிருந்து:
சேச்சி, நான் அப்போ இங்கிலாந்தில் ஒரு கேர் ஹோமில் வேலை பார்த்தேன். பார்க்க வரும் பிள்ளைகளை வாசலில் நிறுத்தி லேட்டரல் ஃப்ளோ (இதே மாதிரி கிட்டுக்கு அங்கே அந்தப் பேர்) எடுத்த பிறகுதான் உள்ளே விடுவோம். லிவர்பூலில் அறிகுறி இல்லாத ஆட்களிடம் சோதித்துப் பார்த்ததில், பி.சி.ஆர் பாசிட்டிவில் 40 சதவீதம் பேரைத்தான் அது பிடித்தது. ஆனாலும் கிட்டை ஒரேயடியாகத் தூக்கிப் போடாதீங்க. உடம்பில் வைரஸ் ரொம்ப இருக்கிறவங்களை அது நல்லாவே காட்டிக்கொடுக்கும். ரெண்டு கோடு வந்தால் அப்பவே தனி ரூம். ஒத்தைக் கோடு வந்தால் மாஸ்க்கைக் கழற்றக் கூடாது, மறுபடி எடுக்கணும். எங்க ஊழியர்களுக்கு அப்போ கிட் போக பி.சி.ஆரும் தனியா இருந்தது.

*

மறுமொழி, குளச்சலிலிருந்து:
எங்க வீட்டில் நேர் எதிர். என்னைப் பெத்த அம்மைக்கு எடுத்த கிட்டை மேசையில் வச்சிட்டு மறந்தாச்சு. ஒரு மணி நேரம் கழிச்சுப் பார்த்தா மங்கலா ரெண்டாவது கோடு! அஞ்சு நாள் அம்மையைத் தனியறையில் போட்டோம், பாவம். பி.சி.ஆர் நெகட்டிவ். குறிச்ச நேரத்துக்கு மேல பார்க்கக் கூடாதுன்னு அந்தத் தாளிலேயே போட்டிருக்கு, ஆரு வாசிச்சா?

*

பதிவிட்டவர்:
கேட்டவர்களுக்காக: பாட்டா ஆக்சிஜன் வைத்துப் பதினோரு நாளில் திரும்பி வந்தார். மற்ற ஆறு பேரில் ஒரு அம்மாவை இழந்தோம், அதைப் பற்றி எழுதத் தெம்பில்லை. இப்போ சமையல்கட்டு வாசலில் ஒரு நோட்டு தொங்குகிறது. யார் காப்பி மிச்சம் வைத்தார், யார் கஞ்சி வேண்டாம் என்றார் என்று அந்த அக்காதான் எழுதுவார். அதில் ஒரு பேர் ரெண்டு நேரம் வந்தால், கிட் என்ன காட்டினாலும் சாம்பிள் ஆசாரிப்பள்ளத்துக்குப் போகும்.