மறு: காட்டுத்தீ ‘கன்டெய்ன்மென்ட்’ – கட்டுப்பாடா, வளைப்பா, மறிப்பா?

குழு நண்பர்களுக்கு வணக்கம். காட்டுத்தீச் செய்திகளில் வரும் ‘கன்டெய்ன்மென்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் எதை வைப்பது என்ற இழை நீண்டுவிட்டது, ஆகையால் மூன்று நான்கு மடல்களுக்கு ஒன்றாகவே பதில் எழுதுகிறேன்.

> ‘கட்டுப்பாடு’ என்றே வைத்துவிடலாமே. கொரோனா காலத்தில் எல்லாருக்கும் பழகிய சொல். பத்திரிகையிலும் ‘தீ கட்டுக்குள் வந்தது’ என்றுதான் எழுதுகிறார்கள்.

பழகிய சொல்தான், மறுக்கவில்லை. அதற்கு முன்னால் ஒரு விழுக்காடு வந்து உட்காரும்போதுதான் வம்பு. ‘தீ 40 விழுக்காடு கட்டுக்குள் வந்தது’ என்று படிப்பவர் என்ன நினைப்பார்? ஐந்தில் இரண்டு பங்கு தீ அணைந்துவிட்டது, இன்னும் மூன்று பங்கு மிச்சம் என்றுதானே? அந்த எண் வேறொன்றைச் சொல்கிறது. எரிந்த பரப்புக்குச் சுற்றிலும் ஒரு விளிம்பு இருக்கும். அந்த விளிம்பின் மொத்த நீளத்தில், எவ்வளவு தூரத்துக்குத் தீ இனித் தாண்டாது என்று களத்தில் நிற்பவர்கள் நம்புகிறார்களோ, அந்தப் பங்குதான் 40. உள்ளே மரம் எரியலாம், புகையலாம். அந்தக் கணக்கில் அதற்கு இடமே கிடையாது.

இதனால் வருகிற ஒரு விநோதத்தையும் பாருங்கள். விளிம்பு 40 கிலோமீட்டர், அதில் 20 கிலோமீட்டருக்குக் கோடு (தீ தாண்டாதபடி புல்லையும் சருகையும் நீக்கிய பட்டை) வெட்டியாயிற்று என்று வைத்துக்கொள்வோம். 50 விழுக்காடு. இரவில் காற்று திரும்பி, தீ பரந்து, விடியும்போது விளிம்பு 60 கிலோமீட்டர் ஆகிவிடுகிறது. ஆட்கள் இரவெல்லாம் வேலை பார்த்து இன்னும் 4 கிலோமீட்டர் வெட்டியிருக்கிறார்கள். இப்போது கணக்கு 60-க்கு 24, அதாவது 40 விழுக்காடு. வெட்டிய கோட்டில் ஓர் அடிகூடக் கைவிட்டுப் போகவில்லை, எண் மட்டும் இறங்கிவிட்டது. ‘கட்டுப்பாடு 50-லிருந்து 40-ஆகக் குறைந்தது’ என்று செய்தி வந்தால், ஆட்கள் தோற்றுப் பின்வாங்கினார்கள் என்றுதான் ஊர் பேசும். சொல் விளிம்பைச் சுட்டினால்தான் இந்த எண்ணுக்குப் பொருள் விளங்கும்.

இன்னொரு தடையும் இருக்கிறது. அமெரிக்கத் தீயணைப்புத் துறைகளில் இது மூன்று படி. முதற்படி கன்டெய்ன்ட். இரண்டாவது கன்ட்ரோல்ட்: கோடு முழுதும் முடிந்து, வெளியே தெறித்து விழுந்த சிறு தீக்களும் அணைந்து, எதிர்பார்க்கக்கூடிய எந்தக் காற்றுக்கும் கோடு தாங்கும் என்ற நிலை. மூன்றாவது அவுட், முற்றிலும் அணைந்தது. முதற்படிக்கே ‘கட்டுப்பாட்டை’க் கொடுத்துவிட்டால் இரண்டாம் படிக்கு எதை வைப்பது? ‘முழுக் கட்டுப்பாடு’ என்று ஒட்டுப்போட வேண்டிவரும். 100 விழுக்காடு கட்டுப்பாடு வேறு, முழுக் கட்டுப்பாடு வேறு என்று அப்புறம் யாருக்குப் புரியவைப்பது?

இந்தப் படிகளுக்கு இடையே எவ்வளவு நாள் ஓடும் என்பதற்குத் தெற்குக் கலிபோர்னியாவின் தாமஸ் தீ நல்ல சான்று. 2017 டிசம்பர் 4-இல் வென்சுரா மாவட்டத்தில் பிடித்தது. ‘சான்டா ஆனா’ என்கிற வறண்ட காற்று விரட்ட, மலைத்தொடரை ஒட்டியே மேற்கே சான்டா பார்பரா மாவட்டத்துக்குள் போயிற்று. டிசம்பர் 22-ஆம் தேதியே 2,73,000 ஏக்கரைத் தாண்டிவிட்டது. கடைசிக் கணக்கு 2,81,893 ஏக்கர். பரவல் ஏறத்தாழ நின்றுபோன பிறகும், 100 விழுக்காடு கன்டெய்ன்ட் என்று அறிவிக்க 2018 ஜனவரி 12 ஆயிற்று. அதற்கு மூன்று நாள் முன்பு, ஜனவரி 9 விடியற்காலை, பெருமழை கொட்டி, எரிந்து மொட்டையாகிக் கிடந்த சரிவுகளிலிருந்து சேறும் பாறையும் மான்டெசிட்டோ ஊருக்குள் இறங்கி 23 பேரைக் கொன்றது. அப்பேர்ப்பட்ட மழைக்குப் பிறகும் தீ ‘அணைந்தது’ என்று சொல்லவில்லை. இரண்டு மாதத்துக்கும் மேலாக எங்கும் சூடு தென்படவில்லை என்று உறுதியான பின், ஜூன் 1-ஆம் தேதிதான் அந்தச் சொல்லைச் சொன்னார்கள். ஜனவரிக்கும் ஜூனுக்கும் நடுவே கிடக்கிற அந்தக் காலத்துக்கு நம் மொழியில் பெயர் வேண்டும். நான் கேட்பது அவ்வளவுதான்.

> ‘அடக்கம்’ எப்படி? ‘கன்டெய்ன்’ என்பதன் வேர்ப்பொருளும் அதுதானே. அணு உலைக்கும் நோய்ப் பரவலுக்கும் இதே சொல்லை வைத்தால் ஒரே சீராக இருக்கும்.

‘தீ 100 விழுக்காடு அடக்கம்’ என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள் ஐயா. மாலை வாங்கப் போகத் தோன்றும்.

விளையாட்டு இருக்கட்டும். மூன்று துறைக்கும் ஒரே சொல் என்ற ஆசையே எனக்கு ஒப்புதல் இல்லை. அணு உலையைச் சுற்றி எழுப்புகிற கூடு, உலை இயங்கத் தொடங்கும் முன்பே எல்லாப் பக்கமும் மூடியிருக்க வேண்டியது. அதில் 40 விழுக்காடு என்ற பேச்சே கிடையாது. நோய்க் கட்டுப்பாட்டுப் பகுதி என்பது ஆட்சியர் ஆணையால் வருவது, தெருமுனையில் தகரம் அடித்தால் முடிந்தது. காட்டுத்தீக்கு மட்டுந்தான் விளிம்பு ஓடிக்கொண்டே இருக்கிறது, அதன் பின்னால் மண்வெட்டியோடு ஆளும் ஓடுகிறார். ஆங்கிலத்தில் ஒரே சொல்லில் மூன்றும் அகப்பட்டிருப்பது அந்த மொழியின் வசதி. நாமும் அதே மூட்டையைத் தூக்கிச் சுமக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

> என் வாக்கு ‘வளைப்பு’க்கு. பாதி வளைத்தாயிற்று, முழுக்க வளைத்தாயிற்று என்று விழுக்காட்டோடு ஒத்துப்போகிறது.

இதுவரை வந்தவற்றில் இதுதான் நெருங்கி வருகிறது. ஆனாலும் எனக்கு ஒரு குறை. வளைப்பது என்றால் சுற்றி நின்றாயிற்று என்ற அளவுக்குத்தான் பொருள். தடுத்தாயிற்றா என்பது அதில் இல்லை. மலையில் கோடு வெட்டுகிறவர்கள் செய்கிற வேலையைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்த்தால் இது விளங்கும். புல், சருகு, வேர் எல்லாவற்றையும் சுரண்டி வெறும் மண் தெரியும்வரை கீறுவார்கள். சரிவின் குறுக்கே, தீக்குக் கீழ்ப்பக்கமாக வெட்டினால் அதுவும் போதாது. மேலேயிருந்து எரிகிற கட்டையும் பைன் காயும் உருண்டு வந்து, கோட்டைத் தாண்டிக் கீழே விழுந்து, அங்கிருந்து புதிதாகப் பற்றி மேல்நோக்கிப் பாயும். அதனால் கோட்டைக் குழிவான வாய்க்காலாகத் தோண்டி, தோண்டிய மண்ணைக் கீழ்ப்பக்கம் கரையாகக் குவிப்பார்கள். உருண்டு வருவது அதில் விழுந்து நிற்கும். இப்படி முடித்த பிறகு, கையுறையைக் கழற்றிவிட்டு, புறங்கையைச் சாம்பலுக்கு அருகே கொண்டுபோய் அடி அடியாகச் சூடு பார்த்துக்கொண்டே நடப்பார்கள். இத்தனையும் நடந்த நீளத்தைத்தான் கணக்கில் சேர்ப்பார்கள். ஆறோ, அகலமான சாலையோ, வெறும் பாறையோ குறுக்கே கிடந்தால், கோடு வெட்டாமலே அந்த நீளமும் சேரும். சும்மா சுற்றி நிற்பதற்கு இதில் இடமில்லை.

ஆகவே என் முன்மொழிவு: மறிப்பு. முழுச்சொல்லாகத் தீமறிப்பு.

சொல்லை நாம் புதிதாகச் செய்யவே வேண்டாம், ஊரில் இருக்கிறது. மடையில் தண்ணீரை மறிக்கிறோம். அறுவடை முடிந்த வயலில் ஆட்டுக்கிடை மறிக்கிறார்கள். பட்டிக்குள்ளே ஆடு உயிரோடு, சத்தத்தோடு, மேய்ந்துகொண்டு இருக்கிறது, வெளியே மட்டும் போகாது. கன்டெய்ன் செய்த தீயின் நிலை அதுவேதான். கிடையை ஒரு பக்கம் மறித்து, மறுபக்கம் இன்னும் மறிக்கவில்லை என்றும் சொல்லலாம், ஆகவே விழுக்காடும் உறுத்தாமல் பொருந்துகிறது.

> ‘மறியல்’ நினைவுக்கு வருமே. சாலைமறியல், ரயில்மறியல் மாதிரி ‘தீமறியல்’ என்று யாராவது எழுதிவிடப்போகிறார்கள்.

இதற்கு இலங்கை நண்பர்கள்தான் சரியான பதில் சொல்ல வேண்டும். அங்கே மறியல் என்றால் சிறை. விளக்கமறியல் என்பது நீதிமன்றம் இடுகிற தடுப்புக்காவல். இங்கே வெளியே வழியை அடைப்பது, அங்கே உள்ளே பிடித்து வைப்பது. இரண்டு கரையிலும் வேர் ஒன்று, பொருளும் நமக்குப் பகையில்லை. ஆனாலும் ‘மறியல்’ வடிவத்தைத் தவிர்த்து ‘மறிப்பு’ என்றே நிறுத்தினால் போதும். போராட்ட வாடை அடிக்காது.

ஒரு கூடுதல் வசதியும் உண்டு. நம் வனத்துறையில் ‘தீத்தடுப்புக் கோடு’ என்ற சொல் வேரூன்றிய ஒன்று. கோடைக்கு முன்பே, தீ எதுவும் இல்லாதபோது, காட்டுக்குள் அகலமாக வெட்டிச் சுத்தம் செய்து வைக்கிற பட்டை அது. பேச்சில் ‘ஃபயர் லைன்’. தீ எரியும்போது அதன் விளிம்பை ஒட்டி அவசரமாக வெட்டுவது வேறு. முன்னதைத் தொடாமல் அப்படியே விட்டுவிட்டு, பின்னதை ‘மறிப்புக் கோடு’ என்று பிரித்தால் இரண்டும் குழம்பாது. எதிர்த்தீ வைப்பது (வருகிற தீக்கு எதிரே நாமே தீ வைத்து, அதற்கு இரையில்லாமல் செய்வது) என்பது ஏற்கெனவே வழக்கில் இருக்கிறது, அதில் கைவைக்க வேண்டாம்.

பரவல் பக்கத்துச் சொற்களைப் பற்றி யாரும் அதிகம் பேசவில்லை. அங்கே தகராறும் இல்லை. விளிம்பில் வேகமாக முன்னேறுகிற பகுதி தலை, இரு பக்கமும் விலா, பின்னால் மெதுவாக நகர்வது வால். ‘பெரிமீட்டர்’ என்பதற்கு நேரே ‘தீவிளிம்பு’. சுற்றளவு என்றால் கணக்கு வாத்தியார் வந்துவிடுவார். மலைத்தீயில் தலை பெரும்பாலும் மேலே பார்க்கும். சுடர் சரிவின்மேல் சாய்ந்து, மேலே இருக்கிற புல்லை முன்கூட்டியே உலர்த்திவிடுகிறது. சரிவு 10 பாகை கூடினால் பரவும் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கும் என்பது தீயணைப்பாளர்கள் கைக்கணக்காக வைத்திருக்கிற விதி. 2018 மார்ச் 11-இல் குரங்கணி மலையில் மலையேறிகளைத் தீ சூழ்ந்ததே, அதுவும் காய்ந்த புல் நின்ற சரிவு. மேலே ஏறி ஓடித் தீயை முந்துவது மனிதக் காலால் ஆகிற காரியமில்லை. மறிப்புக் கோட்டை முகட்டிலோ முகட்டுக்குச் சற்று அப்பாலோ வெட்டுவதற்கும் இதுதான் காரணம். உச்சியைத் தாண்டி இறங்கும்போதுதான் தீயின் வேகம் தணியும்.

> ‘ஹாட் ஸ்பாட்’டுக்கு ‘வெப்பப்புள்ளி’ போதாதா?

பாதிக்குப் போதும். டேராடூனில் இருக்கும் இந்திய வன அளவை நிறுவனம் மாநில வனத்துறைகளுக்கு அனுப்புகிற எச்சரிக்கையில் வருவது செயற்கைக்கோள் கண்ட புள்ளி. மோடிஸ் கருவியில் ஒரு புள்ளி என்பது ஒரு கிலோமீட்டர்ச் சதுரம், வீர்ஸ் கருவியில் 375 மீட்டர்ச் சதுரம், அதாவது ஏறத்தாழ 14 ஹெக்டேர். அந்தச் சதுரத்துக்குள் எங்கோ சூடு இருக்கிறது என்பதற்கு மேல் அது எதுவும் சொல்லாது. அதற்கு ‘வெப்பப்புள்ளி’ சரி. ஆனால் கோட்டை ஒட்டி ஆட்கள் கையால் தடவித் தேடுகிற ஹாட் ஸ்பாட் வேறு. ஒரு வேர், ஒரு கட்டையின் அடி. அதற்குக் ‘கங்கு’ என்ற சொல் இருக்கும்போது புள்ளி எதற்கு? கோட்டை ஒட்டி எஞ்சிய சூட்டைத் தேடி அணைக்கிற ‘மாப்-அப்’ என்பதற்கு இதுவரை வந்த ‘துடைத்தெடுப்பு’, ‘இறுதித் தூய்மை’ இரண்டையும் விட்டுவிட்டுக் ‘கங்கு தேடல்’ என்று வைத்துவிடலாம்.

இதன் தொடர்ச்சியாக ஒன்று. அணைந்ததாக எண்ணிய தீ, மண்ணுக்குள் புகைந்துகிடந்து, நாள்கள் கழித்து எழும்புவதை ‘ஹோல்ட்-ஓவர்’ என்கிறார்கள். லாஸ் ஏஞ்சலிஸின் பாலிசேட்ஸ் தீ அப்படி வந்ததுதான் என்று 2025 அக்டோபரில் அமெரிக்க அரசு வழக்கறிஞர்கள் கூறினார்கள். அவர்கள் சொல்வது இது: 2025 ஜனவரி 1-ஆம் தேதி நள்ளிரவு கழிந்ததும் சான்டா மோனிகா மலையில் சுமார் 8 ஏக்கரில் ஒரு சிறு தீ பற்றியது, வீரர்கள் அணைத்தார்கள், ஆனால் செடிகளின் வேருக்குள் அது கனன்றுகொண்டே இருந்தது, ஜனவரி 7-ஆம் தேதிக் கடுங்காற்றில் மேலே வந்தது. அது தின்றது 23,448 ஏக்கர், இறந்தவர்கள் 12 பேர். ‘எஞ்சு தீ’, ‘தேங்கு தீ’ என்றெல்லாம் பட்டியலில் பார்த்தேன். நீறுபூத்த நெருப்பு என்று நம் பாட்டிமார் சொல்லிக்கொண்டிருந்ததை எடுத்து ‘நீறுபூத்த தீ’ என்று போட்டால் குறைந்தா போய்விடும்?

ஆக, படிகளை இப்படி நிறுத்தலாம்: மறிப்பு, கட்டுப்பாடு, அணைவு. செய்தியறிக்கையில் எப்படி ஒலிக்கும் என்று எழுதிப் பார்த்தேன்:

‘தீவிளிம்பில் 40 விழுக்காடு மறிக்கப்பட்டுள்ளது. கிழக்கு விலாவில் மறிப்புக் கோடு முகட்டை எட்டியது. தலைப்பகுதி இன்னும் மறிக்கப்படவில்லை. மேற்கில் கங்கு தேடல் தொடர்கிறது.’

‘தீ 40 விழுக்காடு மறிப்பு’ என்று சுருக்கி எழுதுவதை மட்டும் ஏற்கக்கூடாது என்பேன். ‘தீவிளிம்பில்’ என்ற சொல் ஒவ்வொரு முறையும் கூடவே வரவேண்டும், இல்லாவிட்டால் பழைய குழப்பமே திரும்பவும் வந்து நிற்கும்.

தீராத ஐயம் ஒன்று இருக்கிறது. காற்றில் பொறி பறந்து கோட்டைத் தாண்டி விழுந்து பற்றுகிற ‘ஸ்பாட் ஃபயர்’. ‘தாவுதீ’ என்பது என் விருப்பம், ‘பொறித்தீ’ என்று ஏற்கெனவே ஒருவர் எழுதியிருக்கிறார். தேனி, நீலகிரிப் பக்கம் தீக்காவலர்களோடு பழக்கமுள்ள நண்பர்கள் அங்கே இதற்கு வாயில் என்ன சொல் வழங்குகிறது என்று விசாரித்து எழுதினால், இரண்டையும் தூக்கிப்போட்டுவிட்டு அதையே வைத்துக்கொள்ளலாம்.