தாத்தாவின் பீரோ, இழைப்புளி: என்ன விலை கேட்கலாம்?

ராயபுரம் பேரன்:
தாத்தா தச்சு வேலை பார்த்தவர். அவர் கையால் செய்த பர்மா தேக்கு பீரோ, ஸ்டான்லி கம்பெனியின் நம்பர் 4 இழைப்புளி (மரத்தை இழைத்து வழவழப்பாக்கும் கருவி), ஏழு உளிகள் இருக்கின்றன. வீட்டை இடித்துக் கட்டுகிறோம், வைக்க இடமில்லை. பழைய சாமான் வாங்குபவர் எல்லாம் சேர்த்து 6,000 ரூபாய் என்கிறார். மனசே வரவில்லை. பாலிஷ் போட்டால் கூடுதலாகக் கிடைக்குமா?

தண்டையார்பேட்டை ஆசாரி:
தம்பி, பாலிஷ் வேண்டாம். பழைய நிறம் போனால் மதிப்பும் போய்விடும். அந்தப் பழைய சாமான்காரர் பீரோவை வெறும் மரமாகக் கன அடிக் கணக்கில் பார்க்கிறார். பீரோவை பீரோவாகவே வாங்குகிற ஆளைத் தேடுங்கள். இழுப்பறையை வெளியே எடுத்து மூட்டுகளைப் பாருங்கள். கையால் வெட்டியது கொஞ்சம் முன்பின்னாக இருக்கும், அதற்குத்தான் விலை. பின்பலகை பிளைவுட்டாக மாறியிருந்தால் குறையும்.

இழைப்புளியில் அடிப்பாகத்தின் வாயோரம் (அலகு வெளியே நீட்டும் துளையின் ஓரம்) விரிசல் இருக்கிறதா, அலகு எவ்வளவு மிச்சம் என்று பாருங்கள். நம்பர் 4 ஏராளமாக வந்த மாடல், பழசு என்பதால் மட்டும் விலை ஏறாது. துருவை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தால் போதும்.

பெரம்பூர் அக்கா:
இணையத்தில் கேட்கிற விலையை நம்பாதே தம்பி, விற்று முடிந்த விலையைப் பார். மூன்று பேரிடமாவது தனித்தனியாகக் கேள்.

ராயபுரம் பேரன்:
நன்றி. விரிசல் இல்லை. இழுப்பறைக்கு அடியில் தாத்தா பென்சிலில் எழுதிய அளவுகள் இருக்கின்றன. உளிகளை நானே வைத்துக்கொள்கிறேன்.