அயலவர் குழு, ஹரோ, லண்டன்: சனிக்கிழமை மேசை

மூலை வீட்டு மாமா: [பல தடவை பகிரப்பட்டது] தனியாக இருக்கும்போது மாரடைப்பு வந்தால் பயப்படாதீர்கள்!! ஆழமாக மூச்சிழுத்து விடாமல் இருமுங்கள். இதைப் பத்துப் பேருக்கு அனுப்பினால் ஒரு உயிராவது தப்பும் 🙏🙏

பாமசி அக்கா: மாமா, குறை நினைக்காதேங்கோ, உதை அழிச்சு விடுங்கோ. இந்த இருமல் கதை கனகாலமாச் சுத்துது. இதுக்கு மருத்துவ ஆதாரம் இல்லையெண்டு பிரிட்டிஷ் ஹார்ட் ஃபவுண்டேஷனே வெளிப்படையாச் சொல்லியிருக்கு.

மூலை வீட்டு மாமா: அப்ப தனிய இருக்கேக்க என்ன பிள்ளை செய்யிறது?

பாமசி அக்கா: முதல்ல 999, அவசர ஆம்புலன்ஸ். மகளுக்கு அடிக்கிறது பிறகு. நிலத்தில சுவரோட சாய்ஞ்சு, முழங்காலை மடக்கி இருங்கோ. கையெட்டுற தூரத்தில ஆஸ்பிரின் இருந்தா, அலர்ஜியும் இல்லாட்டி, 300 மி.கி. சப்பி விழுங்கலாம். 75 மி.கி. குளிசைதான் இருக்கெண்டா நாலு. அதைத் தேடி மாடிப்படி ஏறக் கூடாது. காரை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடவும் கூடாது.

ஆம்புலன்ஸ் அண்ணை: இங்கிலிஷ் தடுமாறினாலும் 999 அடிக்கத் தயங்க வேண்டாம். "தமிழ் இன்டர்பிரெட்டர்" எண்டு கேளுங்கோ, லைன்ல எடுத்துத் தருவினம்.

ஆம்புலன்ஸ் அண்ணை: இன்னொண்டு. மாரடைப்பு வந்த ஆள் பெரும்பாலும் முழிச்சிருப்பார், கதைப்பார். இதயமே நிண்டுபோனா ஆள் விழுந்திடுவார், கூப்பிட்டாப் பதில் வராது. பிறகு எங்க இருமுறது? இடைக்கிடை கொர்ரெண்டு இழுக்கிறதை மூச்செண்டு நம்பிப் பாத்துக்கொண்டு நிக்காதேங்கோ. போனை ஸ்பீக்கரில போட்டிட்டு நெஞ்சு நடுவில அமத்தத் தொடங்கோணும். நிமிஷத்துக்கு 100இல இருந்து 120 தரம், 5-6 செ.மீ. ஆழம். ஒவ்வொரு அமத்தலுக்கும் பிறகு நெஞ்சு முழுசா மேல வர விடோணும். களைச்சவை அதைத்தான் விடுறேல்லை.

சின்ன மாமி: நல்ல நேரத்தில கதை வந்திருக்கு. சனிக்கிழமை தமிழ்ப்பள்ளி மண்டபத்தில எங்களுக்கு ஒரு மேசை தருகினமாம். ரெண்டு பிரஷர் மெஷின் வைச்சு எல்லாருக்கும் பாத்து விடுவமோ?

பாமசி அக்கா: வேண்டாம் மாமி.

சின்ன மாமி: ஏன்??

பாமசி அக்கா: அந்த இரைச்சலுக்க வாற இலக்கத்தை நம்பேலாது. பிள்ளையை விட்டிட்டு ஓடி வருவினம், கையில கோப்பி, நிண்டபடி கையை நீட்டுவினம், பக்கத்தில நிக்கிறவையோட கதையும் நடக்கும். ஒவ்வொண்டும் பிரஷரைக் கூட்டிக் காட்டும். ஒண்டுமில்லாதவர் பயந்து வீட்டை போவார். 40 வயசுக்கு மேல, பிரஷர் எண்டு இன்னும் ஆரும் சொல்லாதவைக்கு பாமசியில இலவசமாப் பாக்கலாம். கூட இருந்தா 24 மணித்தியாலம் கட்டுற மெஷினும் தருவினம். அங்க அனுப்புவம். மேசையில, வீட்டில எப்பிடிச் சரியாப் பாக்கிறதெண்டு காட்டுவம்.

22ஆம் இலக்கத் தம்பி: அக்கா, அம்மாவுக்கு ஒண்டு வாங்கோணும். மணிக்கட்டில கட்டுறது மலிவாக் கிடக்கு.

பாமசி அக்கா: அது வேண்டாம். மேல்கையில கட்டுறது, பிரிட்டன் அயர்லாந்து பிரஷர் சங்கத்தின்ர பட்டியல்ல இருக்கிற மொடல் பாத்து எடுங்கோ. வாங்க முன்னம் அம்மாவின்ர மேல்கை நடுச் சுற்றளவை அளக்கோணும். கூட வாற பட்டி பெரும்பாலும் 22-32 செ.மீ. கைக்குத்தான். கை 34 எண்டா பெரிய பட்டி தனிய வாங்கோணும். சின்னப் பட்டியை இறுக்கிக் கட்டினா இல்லாத பிரஷரைக் காட்டும்.

பாமசி அக்கா: பாக்கிற முறை: அரை மணித்தியாலத்துக்கு முன்னம் தேத்தண்ணி, கோப்பி, சிகரெட் இல்லை. சலம் முட்டியிருந்தாப் போயிட்டு வரோணும். முதுகு சாய்ஞ்சு, பாதம் ரெண்டும் நிலத்தில, கால் மேல கால் போடாமல் 5 நிமிஷம் சும்மா இருக்கோணும். கை மேசையில, பட்டி நெஞ்சு மட்டத்தில. கை தொங்கினாக் கூடக் காட்டும். ஜம்பரைச் சுருட்டி மேல ஏத்தாதேங்கோ, அது கயிறு மாதிரி இறுக்கும், கழட்டிப் போடுங்கோ. அளக்கேக்க கதை, டிவி, போன் ஒண்டும் வேண்டாம்.

பாமசி அக்கா: முதல் நாள் ரெண்டு கையிலயும் பாத்து, கூடின கையையே பிறகும் பாவியுங்கோ. காலையும் பின்னேரமும், ஒரு நிமிஷ இடைவெளியில ரெண்டு தரம், 7 நாள். முதல் நாள் எழுதினதை விட்டிட்டு மிச்சத்துக்குச் சராசரி. வீட்டில 135/85, கிளினிக்கில 140/90. அதுக்கு மேல போனா ஜீபி, குடும்ப டாக்டரிட்டப் போங்கோ. நாடி தாறுமாறா அடிக்கிறவைக்கு மெஷின் பிழைக்கும், அவை கையால பாக்கிற ஆளிட்டத்தான் போகோணும்.

மூலை வீட்டு மாமா: 180 காட்டினா?

ஆம்புலன்ஸ் அண்ணை: 180/120 எண்டா 5 நிமிஷம் இருந்து திரும்பப் பாருங்கோ. அப்பவும் அப்பிடியே எண்டா அண்டைக்கே ஜீபி, இல்லாட்டி 111, மருத்துவ ஆலோசனை இலக்கம். நெஞ்சு நோ, மூச்சுக் கஷ்டம், கண் மங்கல், தடுமாற்றம் ஏதும் சேர்ந்திருந்தா நேர 999.

சின்ன மாமி: சரி, உப்புக்கு ஒரு மூலை எனக்குத் தாங்கோ. கருவாடு, ஊறுகாய், அப்பளம், மிக்ஸர் பக்கட்டுகளைக் கொண்டு வந்து அடுக்கிறன்.

பாமசி அக்கா: அருமை மாமி. ஒரு நாளைக்கு மொத்தமா 6 கிராம், ஒரு மட்டத் தேக்கரண்டி. 100 கிராமுக்கு 1.5 கிராமுக்கு மேல எண்டா கூட. எங்கட கடைச் சாமான்ல சிலதில சோடியம் எண்டு மி.கி. கணக்கில போட்டிருக்கும். அதை 2.5ஆல பெருக்கோணும்: 800 மி.கி. எண்டா 2 கிராம் உப்பு. ஆக்கள் 0.8 எண்டு வாசிச்சுச் சந்தோசப்படுவினம்.

22ஆம் இலக்கத் தம்பி: இளஞ்சிவப்பு உப்பு?

பாமசி அக்கா: அதுவும் உப்புத்தான், விலைதான் கூட 😄 பொட்டாசியம் கலந்த உப்பு வேற கதை. கிட்னி வருத்தம் இருக்கிறவை, ராமிப்ரில், லோசார்ட்டன் மாதிரிப் பிரஷர் குளிசை எடுக்கிறவை கேக்காமல் தொடக் கூடாது, ரத்தத்தில பொட்டாசியம் ஏறிடும்.

சின்ன மாமி: தேங்காயெண்ணெயையும் சொல்லட்டோ? சண்டைக்கு வருவினம்.

பாமசி அக்கா: சொல்லுங்கோ. ஒரு மேசைக்கரண்டியில 12 கிராம் அளவில நிறைவுற்ற கொழுப்பு. பொம்பிளையளுக்கு நாள் முழுக்க 20, ஆம்பிளையளுக்கு 30. இடுப்புச் சுற்றளவும் அளப்பம்: எங்கட ஆக்களுக்கு எல்லை ஆண் 90 செ.மீ., பெண் 80 செ.மீ. அளக்கிறது கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில, மூச்சை விட்டிட்டு. பெல்ட் கட்டுற இடத்தில இல்லை.

ஆம்புலன்ஸ் அண்ணை: மண்டப வாசல்ல டிஃபிப் பெட்டி ஒண்டு தொங்குது, இதயம் நிண்டவருக்கு மின்னதிர்ச்சி குடுக்கிற மெஷின். அது "த சேர்க்கிட்"டில பதிஞ்சிருக்கோ? அதுவும் ஹார்ட் ஃபவுண்டேஷன் நடத்துற பதிவுதான். பதிஞ்சாத்தான் 999இல இருக்கிறவை இடத்தையும் பூட்டுத் திறக்கிற இலக்கத்தையும் சொல்லுவினம். பொறுப்பாளின்ர ஈமெயில் மாறினா, நெஞ்சில ஒட்டுற பட்டையின்ர காலாவதி நினைவூட்டல் ஆருக்கும் போய்ச் சேராது. காஞ்ச பட்டை தோலில ஒட்டாது.

சின்ன மாமி: பொம்பிளையளுக்கு அதை எப்பிடித் தம்பி போடுறது? தாலிக்கொடி?

ஆம்புலன்ஸ் அண்ணை: வெக்கம் பாக்காமல் சட்டையை வெட்டோணும் மாமி. வெறும் தோல், ஈரம் இல்லாமல். வலது காறையெலும்புக்குக் கீழ ஒண்டு, இடது அக்குளுக்குக் கீழ பக்கவாட்டில மற்றது. கொடியைக் கழட்டி நேரத்தை வீணாக்காதேங்கோ, பட்டைக்கு அடியில வராமல் ஒதுக்கினாக் காணும்.

22ஆம் இலக்கத் தம்பி: நெஞ்சு அமத்திப் பழக பொம்மை வேணுமோ?

ஆம்புலன்ஸ் அண்ணை: தேவையில்லை. ஹார்ட் ஃபவுண்டேஷனின்ர "ரிவைவர்" எண்டு ஒன்லைன் பயிற்சி இருக்கு, போனும் ஒரு இறுக்கமான குஷனும் காணும். 15 நிமிஷம், இலவசம்.

மூலை வீட்டு மாமா: 1961இல தொடங்கின அமைப்பு, ஆராய்ச்சிக்குக் கொட்டிக் குடுக்கினம். ஒரு உண்டியல் வைப்பமோ?

பாமசி அக்கா: அவையின்ர பேரில காசு சேர்க்கிறதெண்டா முதல்ல அவையிட்டச் சொல்லிப் பதியோணும் மாமா. உங்கட பழைய சோபாவைக் கடைக்குக் குடுங்கோவன், வீட்டை வந்து ஏத்துவினம். நெருப்புப் பாதுகாப்பு லேபிள் வெட்டாமல் இருந்தாத்தான்.

மூலை வீட்டு மாமா: லேபிள் மாமி வெட்டிட்டா.

சின்ன மாமி: 🙄 தம்பி, சனி காலமை ரெண்டு குஷன் கொண்டு வாரும். மெத்தெண்டு இருக்கிறது வேண்டாம்.

22ஆம் இலக்கத் தம்பி: ஓம் மாமி. அளக்கிற டேப்பும் கொண்டு வாறன்.