உங்க கிட்டார் பினிஷ் (மேல அடிச்ச பூச்சு) கதை இருந்தா சொல்லுங்க, என்னோடது இது

நான் டொரோண்டோல இருக்கேன். போன ஜனவரி பிராக்டிஸ் முடிச்சுட்டு கிட்டாரை கார் டிக்கிலயே ராத்திரி பூரா விட்டுட்டேன், வெளிய மைனஸ் 18, காலைல உள்ள கொண்டு வந்து உடனே கேஸைத் திறந்தேனா, ஒரு நிமிஷம்கூட ஆகல, டிக் டிக்னு சத்தம், கண்ணு முன்னாடியே பாடி முழுக்க மயிரிழை மாதிரி கோடு ஓடுது. நைட்ரோ லாக்கர் பினிஷ் அது, அதாவது நைட்ரோசெல்லுலோஸ்ல செஞ்ச வார்னிஷ் மாதிரி பூச்சு. மரமும் லாக்கரும் ஒரே அளவுல சுருங்கி விரியாது, குளிர்ல லாக்கர் அப்பளமாட்டம் ஆயிடும். கேஸை மூடியே வச்சு ரூம் சூட்டுக்கு வர நாலஞ்சு மணி நேரம் விட்டிருந்தா தப்பிச்சிருக்கும். அன்னைக்கு ரொம்ப அழுகையா வந்துச்சு, இப்ப அந்தக் கோடுங்க மேல ஒரு பாசமே வந்துருச்சு.

—

எனக்கு நடந்தது வேற மாதிரி. கலிபோர்னியால பழைய கிட்டார் விக்கிற கடை ஒண்ணுல 60கள்ல செஞ்ச ஒரு ஸ்ட்ராட் (பெண்டர் கம்பெனியோட ஸ்ட்ராட்டோகாஸ்டர் எலெக்ட்ரிக் கிட்டார்) தொங்குச்சு, நல்ல பச்சை. சர்ப் கிரீன்ங்கிற பெண்டர் கலரான்னு கேட்டேன், கடைக்காரர் ஒண்ணும் பேசாம ஸ்க்ரூ கழட்டி பிக்கார்டை (பாடி மேல இருக்கிற பிளாஸ்டிக் தகடு) தூக்கிக் காட்டுறார், அடியில பளீர்னு நீலம்! லேக் பிளாசிட் புளூவாம். மேல அடிச்ச கிளியர் லாக்கர் வருஷம் போகப் போக மஞ்சளாகி, நீலத்து மேல மஞ்சள் ஏறி பச்சையா தெரிஞ்சிருக்கு. பெண்டர் அப்ப அடிச்ச கஸ்டம் கலர்ல பெரும்பாலானது டூபாண்ட் கம்பெனியோட கார் பெயிண்டு, பியஸ்டா ரெட் 1956 போர்டு தண்டர்பேர்டு கார்ல வந்த கலர். கிப்சன் கம்பெனியோட லெஸ் பால் கிட்டார்லயும் கலர் மாறின கதைதான், 1958ல வந்த சன்பர்ஸ்ட்டோட (நடுவுல மஞ்சள், ஓரத்துல சிவப்பு) ஓர சிவப்பு வெயில் பட்டுப் பட்டு பல கிட்டார்ல சுத்தமா போயிடுச்சு, அப்படி வெறும் மஞ்சளா நிக்கிறதுக்கு லெமன் டிராப்னு செல்லப் பேரு வேற. எனக்கு அதுதான் இன்னும் அழகு.

—

என்கிட்ட இருக்கிறது 1978 ஸ்ட்ராட். 60கள் கடைசியிலயே பெண்டர் நைட்ரோல இருந்து பாலியஸ்டர் பூச்சுக்கு மாறிட்டாங்க, தடியா கண்ணாடி ஊத்தின மாதிரி இருக்கும், இத்தனை வருஷத்துல நிறமும் மங்கல, கோடும் விழல. ஆனா ஒரு தடவை கீழ விழுந்து ஓரத்துல சில்லு பேந்துச்சு, அதை ஒட்டுப்போட்டது தெரியாம சரி பண்ண முடியல. நைட்ரோன்னா புதுசா அடிக்கிறது பழசைக் கரைச்சுக்கிட்டு ஒண்ணா சேர்ந்துடும், பாலியஸ்டர்ல அது நடக்காது. நைட்ரோல சத்தம் நல்லாருக்கும்னு சொல்றாங்க, என் காதுக்கு அப்படி ஒரு வித்தியாசமும் கேக்கல. 1995ல பெண்டரே புது கிட்டாரைத் தேச்சு, பெயிண்டை உரிச்சு ரெலிக்னு விக்க ஆரம்பிச்சுட்டாங்க, அது மட்டும் எனக்கு மனசுக்கு ஒப்பல. தழும்பு வாசிச்சு வரணும்.

—

சென்னைல இருந்து எழுதறேன், இங்க குளிர் பிரச்சனை இல்ல, கிட்டாரை நிக்க வைக்கிற ஸ்டாண்டுதான் பிரச்சனை. ஸ்டாண்டு கைல சுத்தியிருக்கிற ரப்பர், நைட்ரோவோட சேர்ந்தா அதைக் கரைச்சுடும். மே மாசம் பத்து நாள் ஊருக்குப் போயிட்டு வந்து தூக்கினா பிசுக்குனு ஒட்டிக்கிட்டு வருது, கிட்டார் கழுத்துக்குப் பின்னாடி கருப்பா தடம். வினைல் ஸ்ட்ராப்பும் அப்படித்தான், கழட்டாம கேஸுக்குள்ள வைக்காதீங்க. நான் இப்ப பழைய காட்டன் வேட்டியைக் கிழிச்சு ஸ்டாண்டு கை முழுக்க சுத்தி வச்சிருக்கேன்.