டேங்க் பாதிக்குக் கீழே இறங்கினால் மட்டும் நின்ற கார்

என் கார் 1999 மாடல் டீசல். இன்ஜினுக்கு டீசலை அழுத்திக் கொடுக்கும் ரோட்டரி பம்ப் உள்ள வண்டி. டேங்கிலிருந்து டீசலைத் தள்ளிக் கொடுக்கத் தனியாக மின்பம்ப் கிடையாது, பம்பேதான் உறிஞ்சிக்கொள்ள வேண்டும்.

கார்த்திகை மாதம் மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி ஏறும்போது, இரண்டாவது கியரில் முழுக்க மிதித்தும் வண்டி இழுக்கவில்லை. இரண்டு முறை குலுங்கி நின்றுவிட்டது. பின் இருக்கையில் அம்மா. பானெட்டைத் திறந்து, டீசலைக் கையால் ஏற்றும் கைப்பம்பை அழுத்தினேன். பஞ்சை அழுத்துவது போல இருந்தது. முப்பது நாற்பது முறைக்குப் பிறகுதான் இறுகியது. அப்படியே மெதுவாக ஊர் போய்ச் சேர்ந்தோம்.

பில்டர் மாற்றினேன், பயனில்லை. பம்பைக் கழற்றி அளவு சரிபார்த்து (கலிபரேஷன்), இன்ஜினுக்குள் டீசலைப் பீச்சும் நான்கு நாசிலும் புதிதாகப் போட்டேன். பெரிய செலவு. பத்தே நாளில் பழைய கதை.

பிறகு எங்கள் தெருப் பெரியவர் ஒருவரிடம் போனேன். லாரி மெக்கானிக்காக இருந்தவர். வண்டியைத் தொடவே இல்லை. "டேங்க் நிறைந்திருக்கும்போது என்றைக்காவது நின்றிருக்கிறதா, தம்பி?" என்று மட்டும் கேட்டார். டீசல் போடும் கணக்கு நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். ஒருமுறைகூட இல்லை!

ஐந்து லிட்டர் கேனில் சுத்தமான டீசலை ஊற்றி, சைலன்சர் சூடு படாத மூலையில் கட்டினார். பில்டருக்கு வரும் ஹோஸையும், மிச்ச டீசல் திரும்பும் ரிட்டர்ன் ஹோஸையும் அதிலேயே விட்டார். மேட்டில் ஏற்றிப் பார்த்தோம். ஒரு குலுக்கல் இல்லை. பில்டர், பம்ப், நாசில் எல்லாம் நன்றாகத்தான் இருந்திருக்கின்றன. மறுபடி டேங்க் லைனை மாட்டி, பில்டருக்கு முன்னால் ஒரு சாண் கண்ணாடி ஹோஸ் (உள்ளே தெரியும் பிளாஸ்டிக் ஹோஸ்) போட்டார். அதற்குள் கடுகு கடுகாய்க் குமிழ்கள் வரிசை கட்டி ஓடின. டேங்கை இறக்கினால், உள்ளே இருக்கும் உறிஞ்சுகுழாயில் பாதி உயரத்தில் துரு தின்று ஊசி நுழையும் ஓட்டை. டீசல் அதை மூடியிருக்கும்வரை தொல்லையில்லை. மட்டம் இறங்கியதும் காற்றை இழுத்திருக்கிறது. பம்பைக் கழற்றும் முன் அந்த ஒரு கேள்வியை யாராவது கேட்டிருக்கலாம் என்பதுதான் இன்றும் என் ஆதங்கம்.

* * *

இன்னொருவர்: எனக்குக் காலையில் மட்டும்தான் தொல்லை. இரவு நின்ற வண்டி விடிந்ததும் கிளம்பாது. ஒருமுறை கிளம்பிவிட்டால் நாள் முழுக்கச் சுணங்காது. கிளம்பும்முன் இன்ஜினுக்குள் சூடேற்றும் ஹீட்டர் பிளக் என்று நினைத்து நான்கையும் மாற்றினேன். குற்றவாளி நாசில் தலைகளை இணைக்கும் நூல் சுற்றிய ரிட்டர்ன் ஹோஸ். வெடிப்பு வழியாகக் காற்று நுழைய, இரவில் டீசல் டேங்குக்கே திரும்பியிருக்கிறது. தரையில் ஒரு சொட்டு விழவில்லை. நாசில் ஓரம் தூசி ஈரமாக ஒட்டியிருந்தது, அடையாளம் அவ்வளவுதான்.

* * *

வேறொருவர்: நாற்பது கிலோமீட்டர் ஓடியதும் என் வண்டி இழுவை குறையும், அரை மணி நேரம் நிறுத்தினால் சரியாகும். ஒருநாள் நின்ற இடத்திலேயே டேங்க் மூடியைத் திறந்தேன். உஸ்ஸென்று காற்றை உள்ளே இழுத்தது. டேங்குக்குள் வெளிக்காற்றை விடும் குழாயின் வாயைக் குளவி மண் வைத்து அடைத்திருந்தது.

* * *

மற்றொருவர்: புதிய காமன்ரெயில் வண்டி (எல்லா நாசிலுக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் வண்டி) வைத்திருப்பவர்களை மன்றாடிக் கேட்கிறேன்: காற்றை வெளியேற்றப் பழைய வண்டியில் செய்வது போல, இன்ஜின் ஓடும்போது நாசில் நட்டைத் தளர்த்தாதீர்கள். அங்கே அழுத்தம் 1000 பார் என்ற அளவுக்கும் மேல் போகும். பீச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். காயம் சிறிதாகத் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

* * *

முதலில் எழுதியவர்: கண்ணாடி ஹோஸ் இன்னும் என் வண்டியில் இருக்கிறதா என்று ஒருவர் கேட்டிருந்தார். இல்லை, அன்றைக்கே கழற்றிவிட்டேன். டீசலில் கிடந்தால் நாளடைவில் அது விறைத்து வெடிக்கும், பிறகு அதுவே காற்றை உள்ளே விடும்.