ஒரே பாட்டு, இரண்டு நிறம்: காசு யாருக்குப் போனது?

உப்புவெளிக் கிற்றார்:

பத்து வருடமாக உப்புவெளி, நிலாவெளி ஹோட்டல்களில் வாசிக்கிறேன். சீசன் தொடங்கினால் கிழமைக்கு நாலு இரவு. எங்கள் பாண்டில் பாடுகிற பெடியன் நல்ல கறுப்பு, குரல் என்றால் அப்படி ஒரு குரல். போன மாதம் ஒரு இடத்தில் போஸ்டருக்குப் படம் எடுத்தார்கள். அவனை ட்ரம்முக்குப் பின்னால் நிற்கச் சொல்லிவிட்டு, அங்கே தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரரைக் கூப்பிட்டு என் கிற்றாரைக் கையில் கொடுத்து முன்னால் நிறுத்தினார்கள். அவருக்குக் கிற்றார் பிடிக்கவே தெரியாது, இடக்கை விரல் ஒன்றும் கம்பியில் படவில்லை. பெடியன் ஒன்றும் கதைக்கவில்லை. ஆனால் அன்று இரவு முதல் பாட்டை வழக்கமான சுருதியிலிருந்து இறக்கிப் பாடினான்.

அன்றிலிருந்து இதே யோசனைதான். அமெரிக்காவில் கறுப்பினத்தவரின் இசையை எடுத்து வெள்ளையர் காசு பார்த்தார்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். என் மச்சான் ஒத்துக்கொள்ளவில்லை, நல்ல பாட்டு யார் பாடினாலும் ஓடும், நிறத்தை இழுக்காதே என்கிறான். உண்மையில் என்ன நடந்தது? தெரிந்தவர்கள் விரிவாகச் சொல்லுங்கள்.

பழைய இசைத்தட்டு:

தம்பி, உங்கள் பாடகருக்கு நடந்ததை வாசித்து மனம் கஷ்டப்பட்டது. மச்சானுக்கு 1955இல் நடந்த ஒன்றைச் சொல்லுங்கள். நியூ ஓர்லியன்ஸ்காரர், கறுப்பினப் பாடகர் ஃபாட்ஸ் டொமினோ ‘எய்ன்ட் தட் எ ஷேம்’ பாடினார், பொதுவான பாப் பட்டியலில் 10ஆம் இடம் வரைதான் போனது. அதே வருடம் அதே பாட்டைப் பாட் பூன் என்ற வெள்ளையர் பாடினார், முதலிடம். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள், டொமினோவின் பியானோவில் இருக்கிற அந்த ஆட்டம் பூனிடம் துளியும் இல்லை. குரல்தான் காரணம் என்றால் கணக்கு எதிர்மாறாக அல்லவா வந்திருக்க வேண்டும்?

காரணம், பாட்டு மக்களிடம் போய்ச் சேருகிற வழியே இரண்டாகப் பிரிந்திருந்தது. வெள்ளையர் கேட்கிற வானொலிகள் பல கறுப்பினத்தவரின் இசைத்தட்டைப் போடாது. பில்போர்ட் சஞ்சிகையில் கறுப்பினத்தவர் வாங்கும் இசைக்குத் தனிப்பட்டியல், அதற்கு 1949 வரை ‘ரேஸ் ரெக்கோர்ட்ஸ்’ என்றே பெயர், அதாவது இனத்தின் பெயரில் ஒரு வகை. அந்த வருடம் ‘ரிதம் அண்ட் புளூஸ்’ என்று மாற்றினார்கள். பலகைதான் மாறியது, சுவர் அப்படியே நின்றது. சட்டமும் தோதாக இருந்தது: ஒரு பாட்டு ஒருமுறை இசைத்தட்டாக வந்துவிட்டால், பிரதிக்கு 2 சதம் வீதம் உரிமைக்காரருக்குக் கட்டிவிட்டு யாரும் திரும்பப் பதியலாம், பாடியவரிடம் ஒரு வார்த்தை கேட்கத் தேவையில்லை.

ரஜி திருமலை:

அண்ணை சொன்னது சரி, ஆனால் அதோடு நிறுத்தினால் கறுப்பினத்தவர் எல்லோரும் ஏமாந்துகொண்டே இருந்தார்கள் என்றாகிவிடும். 1959இல் டெட்ரொய்ட்டில் பெரி கோர்டி என்ற கறுப்பினத்தவர் குடும்பத்தாரிடம் 800 டொலர் கடன் வாங்கி மோட்டவுன் என்ற இசைத்தட்டுக் கம்பனியைத் தொடங்கினார். ஸ்டூடியோ, பாட்டு எழுதுகிறவர்கள், பதிப்புரிமைக் கம்பனி எல்லாம் சொந்தம். அந்தக் கம்பனிக்குப் பாடிய சுப்ரீம்ஸ் பெண்கள் மூவரும் 12 தடவை அமெரிக்காவில் முதலிடம் பிடித்தார்கள். உங்கள் மச்சான் சொல்வதில் அந்தளவு உண்மை இருக்கிறது.

ஆனால் கிற்றார் அண்ணா, உங்கள் போஸ்டர் கதையை வாசித்ததும் எனக்கு ஞாபகம் வந்தது இதே மோட்டவுன்தான். 1966இல் ஐஸ்லி பிரதர்ஸ் என்ற கறுப்பினக் குழுவின் ஒரு அல்பத்தின் அட்டையில் பாடியவர்கள் யாரும் இல்லை. கடற்கரையில் ஒரு வெள்ளைக்காரச் சோடி இருக்கிறது! கறுப்பினத்தவர் ஒருவர் நடத்திய கம்பனியே கடையில் விற்க வேண்டும் என்று அப்படிச் செய்திருக்கிறது.

அதோடு, 1991 வரை பில்போர்ட் கணக்கு என்பது பெரும்பாலும் கடைக்காரர்கள் தாங்கள் நினைத்தபடி சொன்னதுதான். அந்த மே மாதம் பார்கோட் வைத்து உண்மையான விற்பனையை எண்ணத் தொடங்கினார்கள். அடுத்த மாதமே என்.டபிள்யூ.ஏ. என்ற கறுப்பின ராப் குழுவின் அல்பம் முதலிடத்துக்கு வந்தது.

பாலையூற்றுப் பேரன்:

எல்லோரும் பட்டியலைப் பற்றியே கதைக்கிறீர்கள், நான் கையெழுத்தைப் பற்றிச் சொல்கிறேன். டொமினோ அந்தப் பாட்டை எழுதியவர்களில் ஒருவர், அதனால் பூன் விற்றதிலும் அவருக்குப் பங்கு உண்டு. பிக் மாமா தோர்ன்டன் என்ற கறுப்பினப் பாடகிக்கு அது இல்லை. ‘ஹவுண்ட் டாக்’ 1953இல் அவர் குரலில் ரிதம் அண்ட் புளூஸ் பட்டியலில் ஏழு கிழமை முதலிடத்தில் இருந்தது. எழுதியவர்கள் இரண்டு வெள்ளை இளைஞர்கள். 1956இல் வெள்ளையரான எல்விஸ் பிரெஸ்லி பாடிப் பெரும் வெற்றியானபோது பணம் எழுதியவர்களுக்குப் போனது. தனக்குக் கிடைத்தது 500 டொலர் காசோலை ஒன்றுதான் என்று அவர் பிறகு சொன்னார். அமெரிக்காவில் சாதாரண வானொலி இன்றைக்கும் பாடகருக்குக் காசு கொடுப்பதில்லை, எழுதியவருக்கும் பதிப்பாளருக்கும்தான்.

தென்னாபிரிக்காவின் சொலமன் லிண்டாவை நினைத்தால் எனக்கு நெஞ்சு அடைக்கும். 1939இல் ‘இம்பூபே’ பாடிப் பதிந்தவர். உரிமையைக் கம்பனிக்குக் கொடுத்தது 10 ஷில்லிங்குக்கு. 1961இல் அந்த மெட்டை ஒரு வெள்ளைக் குழு அமெரிக்காவில் முதலிடத்துக்குக் கொண்டுபோனது, அடுத்த வருடம் அவர் வறுமையில் இறந்தார். மகள்மாருக்கு வழக்குப் போட்டு ஒரு தீர்வு வந்தது 2006இல்.

எங்கள் வீட்டிலும் இதன் ஒரு துண்டு உண்டு. அம்மப்பா பாலையூற்றுப் பறங்கியர், கல்யாண வீடுகளில் கப்ரிஞ்ஞா என்ற ஆட்டத்துக்கு வயலின் வாசிப்பார். அந்தப் பெயரிலேயே காப்பிரிகள், அதாவது போர்த்துக்கீசர் கொண்டுவந்த ஆபிரிக்கர், இருக்கிறார்கள். பைலா வளர்ந்தது அந்தத் தாளத்தில்தான். ஒருநாள் கொழும்பிலிருந்து ஒருவர் வந்து விறாந்தையில் இருந்து இரண்டு மணித்தியாலம் கசெற்றில் பதிந்தார், அம்மம்மா அவருக்குச் சோறு போட்டா. அம்மப்பாவின் ஒரு மெட்டைப் பிறகு பஸ்ஸில் கேட்டோம். அட்டையில் வேறு பெயர்.

அதனால் கிற்றார், அந்தப் பெடியன் சொந்தமாக ஏதும் எழுதியிருந்தால் உடனே பதிந்து திகதியோடு வையுங்கள், யார் எழுதியது, யார் மெட்டு என்று தாளில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி உரிமை தானாகவே வரும், பதிவு தேவையில்லை. ஆனால் நிரூபிக்க ஒரு தாள் வேண்டும்.

உப்புவெளிக் கிற்றார்:

எல்லோருக்கும் நன்றி. மச்சானுக்கு டொமினோ, பூன் இரண்டையும் போட்டுக் காட்டினேன், டொமினோவை இரண்டாம் தரமும் போடச் சொன்னான். ஹோட்டலில் போஸ்டரை மாற்றச் சொல்லிக் கேட்டிருக்கிறேன், இன்னும் பதில் இல்லை. பெடியனிடம் சொந்தப் பாட்டு மூன்று இருக்கிறதாம், இவ்வளவு நாளும் சொல்லவே இல்லை. ஞாயிறு பின்னேரம் என் வீட்டில் பதிகிறோம். பேரன், அம்மப்பாவின் வயலின் இன்னும் இருக்கிறதா? இரண்டாவது பாட்டுக்கு ஒரு வயலின் வேண்டும், உங்கள் பெயரும் அந்தத் தாளில் வரும்.