கிளிப்பர் சிப்பை எதிர்த்தது வீண் பயமா?

பழைய மோடம்:
அரசாங்கம் தரும் பூட்டை வேண்டாம் என்பவனிடம் மறைக்க ஏதோ இருக்கிறது என்று நேற்று ஒருவர் இங்கே எழுதியிருந்தார். அவருக்காக ஒரு பழைய கதை. 1993 ஏப்ரல் 16. கிளின்டன் பதவியேற்று மூன்று மாதம்கூட ஆகவில்லை. தொலைபேசிப் பேச்சைச் சங்கேதமாக்கும் கிளிப்பர் என்ற சிப்பை வெள்ளை மாளிகை அறிவித்தது. ஒவ்வொரு சிப்புக்கும் ஒரு சாவி. அதை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதி தர நிர்ணய அமைப்பான என்ஐஎஸ்டியிடம், மறுபாதி கருவூலத் துறையிடம். ஒட்டுக்கேட்க அனுமதி வாங்கி வரும் போலீசுக்கு இரண்டும் கிடைக்கும். உள்ளே ஓடிய ஸ்கிப்ஜாக் என்ற சங்கேத முறை, அமெரிக்க உளவு அமைப்பான என்எஸ்ஏவின் தயாரிப்பு; அது எப்படி வேலை செய்கிறது என்பதே அன்று ரகசியம். நல்ல பூட்டுதான், பிரித்து மட்டும் பார்க்காதே என்றால் யார் வாங்குவார்கள்? எதிர்ப்பு மனுவில் இணையம் வழியாகவே சுமார் 50,000 பேர் சேர்ந்தார்கள். அன்றைய இணையத்துக்கு அது திருவிழாக் கூட்டம்.

நெல்லை வாசகன்:
பாதிக் கதைதான் சொல்கிறீர்கள் நண்பரே. வெளி நிபுணர்கள் ஐந்து பேருக்கு ஸ்கிப்ஜாக்கைக் காட்டினார்கள். அவர்கள் குறை சொல்லவில்லை. பொதுமக்களுக்கு அது கட்டாயமும் இல்லை. 1970களில் டிஇஎஸ் என்ற அமெரிக்க அரசுச் சங்கேதத் தரம் வந்தபோதும் இதே கூச்சல்தான்: அதன் உள் அட்டவணைகளில் என்எஸ்ஏ எதையோ சொருகிவிட்டது என்று. 1990 வாக்கில் பிஹாம், ஷமீர் என்ற ஆய்வாளர்கள் சங்கேதத்தை உடைக்கும் புதிய வழி ஒன்றை வெளியிட்டார்கள். பார்த்தால், அந்த அட்டவணைகள் அதைத் தாங்கும்படியே அமைந்திருந்தன! சந்தேகப்பட்டவர்கள் வருத்தமாவது தெரிவித்தார்களா?

பழைய மோடம்:
அட்டவணை விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. டிஇஎஸ் சாவியின் நீளம்? 56 பிட் போதாது என்று டிஃபி, ஹெல்மன் என்ற சங்கேத ஆய்வாளர்கள் அப்போதே கத்தினார்கள். 1998-ல் இணைய உரிமை அமைப்பான இஎஃப்எஃப் இரண்டரை லட்சம் டாலருக்குள் ஓர் இயந்திரம் செய்து 56 மணி நேரத்தில் உடைத்தது. (பிட்டும் 56, மணியும் 56. யாரோ ஜோசியம் பார்த்திருப்பார்கள்.) அப்புறம், கட்டாயமில்லையாம்! வலுவான என்கிரிப்ஷனை ஆயுதங்களோடு சேர்த்து ஏற்றுமதிக்குக் கெடுபிடி செய்துவிட்டு, கிளிப்பருக்கு மட்டும் வழிவிட்டால் அதற்கு என்ன பெயர்?

கடைசி பெஞ்ச்:
நான் நெட்வொர்க் வேலைக்காரன், அரசியல் பேசவில்லை. இந்தச் சிப் வந்த, ஏடி அண்டு டி தொலைபேசி நிறுவனத்தின் பெட்டி, போனுக்கும் ரிசீவருக்கும் நடுவே உட்காரும். ஒவ்வொரு அழைப்பிலும், போலீஸ் பேச்சைத் திறக்கத் தேவையான ஒரு தகவல் துண்டு முன்னால் போகும். அது சரியாக இருந்தால்தான் எதிர்முனைச் சிப் பேசவிடும். சரிபார்க்க இருந்தது வெறும் 16 பிட். அதாவது 65,536 வாய்ப்புகள். போலித் துண்டுகளை மாற்றி மாற்றிப் போட்டால் ஏதோ ஒன்று தேறிவிடும். எதிர்முனை ஏமாறும், பேச்சு சங்கேதமாகவே போகும், போலீசுக்குக் கிடைப்பது குப்பை. 1994-ல் இதைக் காட்டிய மேட் பிளேஸ், ஏடி அண்டு டி ஆய்வகத்திலேயே வேலை பார்த்தவர்!

நெல்லை வாசகன்:
அது அவசரமாகச் செய்த வேலையின் பழுது. 16-ஐ 64 ஆக்கினால் தீர்ந்தது. என் கேள்வி வேறு. கோர்ட் உத்தரவு இருந்தால் என் வீட்டு பீரோவைத் திறக்கலாம், போனை மட்டும் ஏன் கூடாது? குழந்தையைக் கடத்தியவன் பேசிக்கொண்டிருக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசி பெஞ்ச்:
பீரோவைத் திறக்க உங்கள் வீட்டுக்கு வர வேண்டும், சார். இங்கே ஊர்ச் சாவி முழுவதும் இரண்டே இடத்தில். கிரீஸில் 2004-05-ல் நடந்ததைப் பாருங்கள். போலீசுக்காகத் தொலைபேசி எக்ஸ்சேஞ்சில் இருந்த ஒட்டுக்கேட்பு வசதியை யாரோ வெளியிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். பிரதமர் கரமன்லிஸ் உட்பட சுமார் நூறு பேரின் போன். அங்கே சட்டம் இல்லாமலா?

நெல்லை வாசகன்:
கிரீஸ் உதாரணம் கனமானதுதான். ஆனால் உங்கள் போனில் இப்போது ஓடும் ஏஇஎஸ் என்ற சங்கேத முறையும் அமெரிக்க அரசுத் தரம்தானே?

பழைய மோடம்:
ஆமாம், அதை யாரும் எதிர்க்கவில்லையே! 1997-ல் போட்டி அறிவித்து, வந்த 15 முறைகளையும் உலகமே உடைத்துப் பார்க்கட்டும் என்று விட்டார்கள். ஜெயித்தது பெல்ஜியம்காரர்கள் இருவர். சாவி நகல் யாரிடமும் கிடையாது. 2015 செப்டம்பரில் நம் மத்திய அரசின் வரைவு வந்தது நினைவிருக்கிறதா? சங்கேதமாக அனுப்பியதன் சங்கேதமாக்காத பிரதியை 90 நாள் வைத்திருக்க வேண்டும் என்று இருந்தது. சில நாளிலேயே திரும்பப் பெற்றார்கள்.

நெல்லை வாசகன்:
அந்த 90 நாள் விதியை நானும்தான் திட்டினேன். ஆனால் கடத்தப்பட்ட குழந்தை பற்றிய கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. எக்ஸ்சேஞ்ச் கதையைச் சொல்லி நழுவாமல், ராத்திரி சாப்பிட்டுவிட்டு வந்து எழுதுங்கள்.